பூட்டும் சாவியும்: நொதி தளப்பொருளை இனங்காணும் விதம் பற்றிய கருத்துகளின் வரலாறு

நொதி என்பது உயிரினங்களில் நிகழும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் வினையூக்கி. பெரும்பாலான நொதிகள் புரதங்கள். ஒரு நொதி எந்தச் சேர்மத்தின் மீது செயல்படுகிறதோ அது அந்நொதியின் தளப்பொருள் எனப்படும். தளப்பொருள் வந்து அமர்வதற்கு நொதியின் பரப்பில் உள்ள சிறு குழிவு அல்லது பிளவு கிளர்வு மையம் எனப்படும். ஓர் உயிரணுவுக்குள் ஆயிரக்கணக்கான வகைச் சேர்மங்கள் நெருக்கியடித்துக்கொண்டு மிதக்கின்றன. அவற்றுள் தனக்குரிய ஒன்றை நொதி எப்படி இனங்காண்கிறது?

பள்ளிப் பாடநூல்கள் இதற்கு இரண்டு விடைகளைத் தருகின்றன. ஒன்று எமில் ஃபிஷரின் பூட்டு–சாவிக் கோட்பாடு (1894). மற்றொன்று டேனியல் கோஷ்லாண்டின் தூண்டப்பட்ட பொருத்தக் கோட்பாடு (1958). முன்னது பழையது, பின்னது சரியானது என்று மனப்பாடம் செய்துகொண்டு மாணவர்கள் தேர்வெழுதுகிறார்கள். நடந்த வரலாறு அவ்வளவு நேர்கோடானது அன்று. இடைப்பட்ட 64 ஆண்டுகளில் ஃபிஷர் கேட்காத வேறொரு கேள்வி மெல்லத் தலையெடுத்தது: சாவி பூட்டுக்குள் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டால், பிறகு அது மாறுவானேன்? பிடித்துக்கொள்வது ஒரு வேலை, மாற்றுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே உவமையால் விளக்க முடியாது என்பது புரிவதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று.

ஃபிஷருக்கு முன்

நொதி என்ற தமிழ்ச் சொல் நொதித்தல் என்பதிலிருந்து வந்தது. என்சைம் என்ற சொல்லின் பிறப்பும் அப்படிப்பட்டதே. 1870களில் ஜெர்மன் உடலியலாளர் வில்லெம் கூனே, 'ஈஸ்ட்டுக்குள் இருப்பது' என்று பொருள்படும் கிரேக்க வேர்களைக் கொண்டு அதை உருவாக்கினார். அதற்கு நெடுநாள் முன்பே, 1833இல், பிரான்சின் பயேன், பெர்சோ இருவரும் முளைகட்டிய பார்லியிலிருந்து மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் டயஸ்டேஸைப் பிரித்திருந்தனர்.

தேர்ந்தெடுக்கும் இயல்பை முதலில் கண்டவர் லூயி பாஸ்டர். அவர் 1848இல் டார்ட்டாரிக் அமில உப்பின் படிகங்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, இடது கையும் வலது கையும் போல் ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமாக உள்ள இரு வகைகளைக் கையாலேயே பிரித்தெடுத்தார். ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து இரு வகைகளும் கலந்த கரைசலில் நுண்ணுயிரிகளை வளர்த்தபோது அவை ஒரு வகையை மட்டும் உண்டு மற்றதை மீதம் வைத்தன. இரண்டுக்கும் ஒரே அணுக்கள், ஒரே எடை, ஒரே கரைதிறன். ஆயினும் உயிர் அவற்றை வேறுபடுத்திப் பார்த்தது. எப்படி என்று சொல்ல அன்று வழியில்லை. கார்பன் அணுவின் நான்கு பிணைப்புகளும் முப்பரிமாணத்தில் விரிந்து நிற்கின்றன என்ற கருத்தே 1874இல்தான் வந்தது.

பெர்லின், 1894

எமில் ஃபிஷர் சர்க்கரைகளின் வேதியியலாளர். குளுக்கோஸ், மன்னோஸ், பிரக்டோஸ் முதலியவற்றின் அணு அமைப்பை வகுத்ததற்காகவும் பியூரின் சேர்மங்கள் பற்றிய ஆய்வுக்காகவும் 1902இல் நோபல் பரிசு பெற்றவர். சர்க்கரைகளைப் படிகமாக்கிப் பிரித்தறிய அவருக்குக் கைகொடுத்த பினைல்ஹைட்ரசீன் ஒரு நச்சுப்பொருள். அது அவர் உடல்நலத்தையும் கெடுத்தது.

1892இல் பெர்லின் பல்கலைக்கழகத்துக்கு வந்த அவரிடம், உலகில் வேறெவரிடமும் இல்லாத ஒன்று இருந்தது: தானே செயற்கையாக ஆக்கிய பல்வேறு சர்க்கரைகளின் தொகுப்பு. ஒவ்வொன்றின் வடிவமும் அவருக்குத் தெரியும். இத்தொகுப்பை ஈஸ்ட்டின் முன் வைத்துப் பார்த்தார். ஹான்ஸ் தியர்ஃபெல்டருடன் சேர்ந்து செய்த சோதனைகளில், ஈஸ்ட் சில சர்க்கரைகளை மட்டுமே நொதிக்கச் செய்தது. இயற்கையில் கிடைக்கும் குளுக்கோஸை ஏற்ற ஈஸ்ட், அதன் ஆடிப் பிம்பமான குளுக்கோஸைத் தொடவில்லை.

அடுத்த சோதனைதான் புகழ்பெற்றது. குளுக்கோஸை மீத்தைல் ஆல்கஹாலுடன் இணைத்தால் மீத்தைல் குளுக்கோசைடு கிடைக்கும். அதற்கு ஆல்ஃபா, பீட்டா என இரு வடிவங்கள் உண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு கார்பனில், ஒரே ஒரு தொகுதி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான். ஃபிஷர் இரண்டு நொதிச் சாறுகளை எடுத்துக்கொண்டார். ஒன்று ஈஸ்ட்டிலிருந்து எடுத்த இன்வர்ட்டின். மற்றொன்று கசப்பு வாதுமையிலிருந்து எடுத்த எமல்சின். ஈஸ்ட்டுச் சாறு ஆல்ஃபா வடிவைப் பிளந்தது, பீட்டாவைத் தொடவில்லை. எமல்சின் பீட்டா வடிவைப் பிளந்தது, ஆல்ஃபாவைத் தொடவில்லை.

இதை விளக்கவே, நொதியும் குளுக்கோசைடும் பூட்டும் சாவியும் போல் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்று ஃபிஷர் எழுதினார். ஓர் உவமையாகச் சொல்கிறேன் என்ற முன்குறிப்போடுதான் எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். நொதி என்ன பொருளால் ஆனது என்பதே அன்று தெரியாது. அது புரதம் போன்ற, சமச்சீரற்ற ஒரு பெரிய மூலக்கூறாக இருக்க வேண்டும் என்று ஊகிக்க மட்டுமே முடிந்தது. இன்னொன்றும் உண்டு. அவர் பயன்படுத்திய ஈஸ்ட்டுச் சாறு ஒற்றை நொதியன்று, பல நொதிகளின் கலவை. ஆல்ஃபா வடிவைப் பிளந்தது அதில் கலந்திருந்த மால்ட்டேஸ் வகை நொதி என்பது பின்னர் தெளிவானது. பூட்டுக்கு வைத்த பெயர் தவறு. பூட்டு ஒன்று உண்டு என்பது சரி.

உவமை வேகமாகப் பரவியது. 1897இல் பால் எர்லிக் முன்வைத்த நோயெதிர்ப்புக் கோட்பாடும், அதிலிருந்து வளர்ந்த ஏற்பி என்ற கருத்தும் இதே படத்தைத் தமதாக்கிக்கொண்டன. அதே ஆண்டு எட்வர்ட் புக்னர் ஈஸ்ட் செல்களை அரைத்துப் பிழிந்த சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்யும் எனக் காட்டினார். அதன்பின் உயிருள்ள செல்லைப் பற்றிய பேச்சு, அதற்குள் உள்ள வேதிப்பொருள்களைப் பற்றிய பேச்சாக மாறிற்று.

பூட்டைப் பார்க்காமலே அளந்தவர்கள்

நொதியும் தளப்பொருளும் உண்மையில் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன என்பதற்கான முதல் தடயம் ஃபிஷருக்கும் முந்தியது. அது பீர் ஆலைகளின் ஊரிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் ஆலை வேதியியலாளராக இருந்த கார்னீலியஸ் ஓ'சல்லிவன், எஃப். டபிள்யூ. டாம்ப்சன் இருவரும், கரும்புச் சர்க்கரையாகிய சுக்ரோஸைப் பிளக்கும் இன்வர்ட்டேஸ் நொதியை ஆராய்ந்து 1890இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வெறும் கரைசலில் இருக்கும்போது கெட்டுப்போகும் வெப்பநிலையைவிட, சர்க்கரை உடனிருக்கும்போது ஏறத்தாழ 25 பாகை கூடுதல் வெப்பத்தை அந்நொதி தாங்கியது. சர்க்கரை எங்கோ அதைப் பற்றிக்கொண்டு காக்கிறது என்பதே அவர்கள் கண்ட காரணம்.

1902இல், மதுவடிப்புத் துறையைச் சேர்ந்த மற்றொரு ஆங்கிலேயரான ஏட்ரியன் பிரவுன் ஒரு விநோதத்தைக் கவனித்தார். சர்க்கரையின் அளவைக் கூட்டினால் வினைவேகம் கூட வேண்டும். ஓரளவுக்கு மேல் அது கூடவில்லை. ரேஷன் கடையில் ஒரே ஒரு கவுண்ட்டர் இருந்தால் வரிசை எவ்வளவு நீண்டாலும் ஒரு மணி நேரத்தில் பொருள் வாங்குவோர் எண்ணிக்கை மாறாது அல்லவா? அதுபோல, ஒவ்வொரு சர்க்கரை மூலக்கூறும் நொதியுடன் சற்று நேரம் இணைந்திருந்துதான் பிளவுபடுகிறது. நொதிகள் அனைத்தும் அப்படி இணைந்துவிட்டால் அதற்குமேல் வேகம் ஏறாது என்று பிரவுன் முடிவு செய்தார்.

பாரிசில் விக்டர் ஆன்ரி இதைச் சமன்பாடாக்கினார் (1902–03). ஆனால் கரைசலின் அமிலத்தன்மையை நிலையாக வைத்துக்கொள்ளும் வழி அவரிடம் இல்லை. அதைச் செய்தவர்கள் பெர்லினில் ஒரு நகர மருத்துவமனையின் ஆய்வகத்தில் பணியாற்றிய லியோனர் மைக்கேலிசும், அவருடன் வேலை செய்வதற்காகக் கனடாவைச் சேர்ந்தவரான மாட் மென்டனும். மென்டன், தம் நாட்டில் மருத்துவ ஆய்வுப் பட்டம் பெற்ற முதல் சில பெண்களுள் ஒருவர். அட்லாண்டிக் கடந்து பெர்லினுக்கு வந்தவர். 1913இல் வெளிவந்த அவர்களது கட்டுரை, தாங்கற்கரைசல் கொண்டு அமிலத்தன்மையை நிலைப்படுத்தி, வினையின் தொடக்க வேகத்தை மட்டும் அளந்தது. மைக்கேலிஸ்–மென்டன் சமன்பாடு என்று இன்று வகுப்பறைகளில் எழுதப்படுவது அங்கிருந்து வந்தது. அதில் வரும் மைக்கேலிஸ் மாறிலி, உயர் வேகத்தில் பாதியை எட்டத் தேவையான தளப்பொருளின் செறிவு. பல நொதிகளில் தளப்பொருள் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கப்படுகிறது என்பதை அது தோராயமாகக் காட்டும். எல்லா நொதிகளிலும் அப்படிக் கொள்ள முடியாது.

இவ்வளவு கணக்கும் கண்ணால் காணாத ஒரு கூட்டுப்பொருளைப் பற்றியது. நொதி–தளப்பொருள் அணைவின் இருப்பை நேரடியாகப் பின்தொடரப் பின்னும் 30 ஆண்டுகள் தேவைப்பட்டன. பெராக்சிடேஸ் நொதி ஹைட்ரஜன் பெராக்சைடுடன் இணையும்போது நிறம் மாறும். இரு கரைசல்களையும் நொடியின் சிறு பின்னத்துக்குள் கலந்து, நிறமாற்றத்தை ஒளியால் அளக்கும் கருவியை அமைத்து, அணைவு தோன்றி மறையும் வேகத்தை 1943இல் பிரிட்டன் சான்ஸ் பதிவு செய்தார்.

பூட்டு எதனால் ஆனது என்ற கேள்வியும் எளிதில் தீரவில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சம்னர், இளவயதில் வேட்டை விபத்தில் இடது கையை இழந்தவர், ஒற்றைக் கையால் ஒன்பது ஆண்டுகள் முயன்று ஜாக் பீன் என்னும் அவரை இன விதையிலிருந்து யூரியேஸ் நொதியை 1926இல் படிகமாக்கினார். படிகம் முழுக்கப் புரதம். ஜெர்மனியின் ரிச்சர்டு வில்ஸ்டேட்டர், ஏற்கெனவே நோபல் பரிசு பெற்றவர், நொதி புரதமன்று, புரதம் அதைச் சுமக்கும் ஊர்தி மட்டுமே என்ற தம் கொள்கையை விடவில்லை. ஜான் நார்த்ரப் 1930 முதல் பெப்சின் முதலிய நொதிகளைப் படிகமாக்கியபின்தான் சர்ச்சை ஓய்ந்தது. சம்னருக்கும் நார்த்ரப்புக்கும் 1946இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சாவியை முறுக்கும் பூட்டு

1930இல் 'என்சைம்ஸ்' என்ற நூலை வெளியிட்ட ஜே. பி. எஸ். ஹால்டேன், ஃபிஷரின் உவமையில் ஒரு சிறு திருத்தம் செய்தார். சாவி பூட்டில் முழுக்கப் பொருந்துவதில்லை. பொருந்தும் முயற்சியில் சற்று முறுக்கப்படுகிறது என்றார். இந்தத் திருத்தம் அன்று பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. (ஹால்டேன் 1957இல் இந்தியாவில் குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். தமிழில் அவர் பெயர் பெரும்பாலும் பரிணாம மரபியலோடு மட்டும் சேர்த்துச் சொல்லப்படுகிறது; நொதியியலில் அவருக்குள்ள இடமும் சிறியதன்று.)

திருத்தம் ஏன் தேவை? எந்த வேதிவினையிலும் பழைய பிணைப்பு பாதி முறிந்து, புதிய பிணைப்பு பாதி உருவான ஒரு நொடிநேர வடிவம் உண்டு. அதன் ஆற்றல் மிக அதிகம். அந்த மேட்டைத் தாண்டினால்தான் வினை நடக்கும். இவ்வடிவைக் கிளர்வுற்ற அணைவு அல்லது நிலைமாறு நிலை என்பர். 1935இல் ஹென்றி ஐரிங் ஒருபுறமும், எவன்ஸ், மைக்கேல் போலனி இருவரும் மறுபுறமும் இதற்கான கோட்பாட்டை அமைத்தனர். நொதி தளப்பொருளை மிக இறுக்கமாகப் பிடித்தால் என்ன ஆகும்? தளப்பொருள் வசதியான பள்ளத்தில் உட்கார்ந்துவிடும், மேடு முன்னைவிட உயரமாகும், வினை மெதுவாகும். கச்சிதமான பூட்டு வினையூக்கியாக இருக்காது, சிறையாக இருக்கும்.

ஒரு முருங்கைக்காயை ஒடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நேரான காய்க்கு அளவெடுத்துச் செய்த உறை அதை ஒடிக்காது, ஒடியாமல் காக்கும். ஒடியும் தறுவாயில் வளைந்து நிற்கும் காய்க்கு அளவெடுத்துச் செய்த உறைதான் அதை ஒடிக்க உதவும்.

இக்கருத்தைத் தெளிவான சொற்களில் வைத்தவர் லைனஸ் பாலிங். 1946இலும் 1948இலும் வெளிவந்த கட்டுரைகளிலும் உரைகளிலும், நொதியின் கிளர்வு மையம் தளப்பொருளுக்கு நிரப்பு வடிவில் இல்லை, வினையின் நடுவே தோன்றும் கிளர்வுற்ற அணைவுக்கே நிரப்பு வடிவில் உள்ளது என்று அவர் வாதிட்டார். நொதி தளப்பொருளை இனங்காண்கிறது என்பதைவிட, அது ஆகப்போகும் ஒன்றை இனங்காண்கிறது என்று சொல்வதே பொருத்தம். அப்போது நொதிகளின் முப்பரிமாண வடிவம் ஒன்றுகூட அறியப்படவில்லை. பாலிங் சொன்னதைச் சோதிக்க எவரிடமும் கருவி இல்லாததால் கருத்து இருபது ஆண்டுகள் போலக் கிடப்பில் கிடந்தது.

சிட்ரிக் அமிலம் வெளியேற்றப்பட்டதும் திரும்பியதும்

நொதி எப்படிப் பிடிக்கிறது என்பதைச் சரியாகக் கணிக்காததால் ஓர் ஆய்வுத் துறையே வழிதவறிய நிகழ்ச்சி 1940களில் நடந்தது. ஹான்ஸ் கிரெப்ஸ் 1937இல் உணவின் ஆற்றலை உயிரணுக்கள் பெறும் வழியைச் சிட்ரிக் அமிலச் சுழற்சி என்று வரைந்திருந்தார். 1941இல் அமெரிக்காவில் ஹார்லண்ட் வுட் குழுவினரும், எவன்ஸ், ஸ்லோட்டின் இருவரும் அடையாளமிட்ட கார்பன் ஐசோடோப்புகளைக் கொண்டு இச்சுழற்சியைச் சோதித்தனர். அடையாளமிட்ட கார்பன், சுழற்சியில் பின்னர் வரும் ஆல்ஃபா கீட்டோகுளுட்டாரிக் அமிலத்தின் ஒரு முனையில் மட்டும் இருந்தது.

சிட்ரிக் அமிலத்தின் மூலக்கூறு சமச்சீரானது. நடுக் கார்பனின் இருபுறமும் அச்சாக ஒரே மாதிரியான இரண்டு கைகள். அதன் வழியே வினை சென்றிருந்தால் நொதிக்கு எந்தக் கை எது என்று தெரியாது. அடையாளம் இரு முனைகளிலும் பாதிப் பாதியாகப் பரவியிருக்க வேண்டும். பரவவில்லை. ஆகவே சிட்ரிக் அமிலம் சுழற்சியின் பாதையில் இல்லை என்று முடிவு கட்டினர். டிரைகார்பாக்சிலிக் அமிலச் சுழற்சி என்ற பொதுப்பெயர் புழக்கத்துக்கு வந்தது இந்தச் சூழலில்தான். தருக்கம் பழுதற்றதாகத் தோன்றியது. ஏழாண்டுகள் எவரும் மறுக்கவில்லை.

1948 டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்டின் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். புதிய சோதனை எதுவும் அவர் செய்யவில்லை. நொதி சமச்சீரற்றது, அது தளப்பொருளை மூன்று புள்ளிகளில் பிடிக்குமானால், தளப்பொருளின் ஒரே மாதிரியான இரண்டு கைகளும் அதற்கு ஒன்றாகத் தெரியா என்றார். முன்புறம் மூக்கு வைத்த, இரண்டு காதுள்ள வாணலியை நினைத்துக்கொள்ளலாம். தனியே பார்த்தால் இரு காதுகளும் ஒன்றுபோல்தான். மூக்கு நம்மைப் பார்க்க அதை அடுப்பில் வைத்துவிட்டால், ஒரு காது சுவர்ப் பக்கம், மற்றது சன்னல் பக்கம். இனி இரண்டையும் மாற்றிக்கொள்ள முடியாது. சமச்சீரின்மை வாணலியில் இல்லை, அடுப்படியில் இருக்கிறது.

அடுத்த ஆண்டே பாட்டர், ஹைடல்பெர்கர் இருவரும் சோதனை மூலம் இதை உறுதி செய்தனர். சிட்ரிக் அமிலம் தன் இடத்துக்குத் திரும்பியது. மூன்று புள்ளிகள் என்ற எண்ணிக்கையை வறட்டு விதியாகக் கொள்ள வேண்டியதில்லை என்பது பின்னர் தெளிவானாலும், ஆக்ஸ்டனின் குறிப்பு ஃபிஷரின் உவமைக்குப் புதிய வலு சேர்த்தது. வடிவப் பொருத்தம் ஒரு சேர்மத்தை மற்றதிலிருந்து பிரிப்பதோடு நிற்காமல், ஒரே சேர்மத்தின் இரு ஒத்த பகுதிகளையும் பிரிக்கும்.

கோஷ்லாண்டும் தண்ணீரும்

பூட்டு–சாவி உவமையின்படி, அளவில் பெரிய சாவி நுழையாது என்பது புரிகிறது. சிறியது ஏன் நுழையக் கூடாது? நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் இருந்த டேனியல் கோஷ்லாண்டை உறுத்தியது இந்தக் கேள்வி.

ஹெக்சோகைனேஸ் என்னும் நொதி, ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்து பாஸ்பேட் தொகுதியைக் கழற்றிக் குளுக்கோசின் ஹைட்ராக்சில் தொகுதியில் பொருத்துகிறது. தண்ணீரும் ஹைட்ராக்சில் தொகுதி உள்ள மூலக்கூறுதான். குளுக்கோசுக்கான குழியில் தண்ணீர் தாராளமாக அடங்கும். செல்லுக்குள் எங்கும் தண்ணீர். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 55 மோல். எனவே இந்நொதி நாள் முழுதும் பாஸ்பேட்டைத் தண்ணீரிடம் கொடுத்து, செல்லின் ஆற்றல் சேமிப்பான ஏ.டி.பி.யைக் கரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி நடந்தால் உயிரணு பிழைக்காது. உண்மையில் தண்ணீருடன் நடக்கும் வினை, குளுக்கோசுடன் நடப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு மெதுவானது.

கோஷ்லாண்டின் விடை 1958இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. நொதியின் கிளர்வு மையம் முன்பே சரியான வடிவில் காத்திருப்பதில்லை. தளப்பொருள் வந்து தொட்டபின் புரதம் தன் வடிவை மாற்றிக்கொள்கிறது. வினைபுரியும் தொகுதிகள் அப்போதுதான் உரிய இடத்துக்கு வந்து சேர்கின்றன. தண்ணீர் உள்ளே வரலாம், ஆனால் அந்த மாற்றத்தைத் தூண்டும் அளவு பிடிமானம் அதற்கு இல்லை. கையுறை கையின் வடிவை அடைவது கை நுழைந்த பிறகே. தூண்டப்பட்ட பொருத்தம் என்ற பெயர் இதைத்தான் குறிக்கிறது.

வரவேற்பு சுமுகமாக இல்லை. ஃபிஷரின் கோட்பாட்டை இளம் அறிவியலாளர் ஒருவரின் ஊகம் கவிழ்த்துவிடாது என்ற தொனியில் ஒரு மதிப்பீட்டாளர் எழுதியதைக் கோஷ்லாண்டு பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவர் ஃபிஷரைக் கவிழ்க்க முயலவில்லை என்பதே சரி. பொருத்தம் வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. அது தொடுதலுக்கு முன்பே இருக்க வேண்டும் என்பதைத்தான் மறுத்தார். பாடநூல்கள் இருவரையும் எதிரெதிர் அணியில் நிறுத்துவது வினாத்தாளுக்கு வசதி. வரலாற்றுக்கு அவ்வளவு நியாயமன்று.

படிகங்கள் காட்டியவை

ஊகங்களைக் கண்ணால் காணும் வாய்ப்பு 1965இல் வந்தது. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் டேவிட் பிலிப்ஸ் குழுவினர் எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் கோழி முட்டை வெண்கருவின் லைசோசைம் நொதியுடைய முப்பரிமாண அமைப்பைக் கண்டனர். ஒரு நொதியின் முழு அமைப்பு தெரிந்தது அதுவே முதல்முறை. 129 அமினோ அமிலங்கள் கொண்ட, பாக்டீரியாவின் செல் சுவரை உடைக்கும் இந்நொதியை, அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினுக்கு முன்பே 1922இல் மூக்குச் சளி, கண்ணீர் முதலியவற்றில் கண்டு அறிவித்திருந்தார்.

மூலக்கூறின் குறுக்கே ஓர் ஆழமான பிளவு ஓடியது. லூயிஸ் ஜான்சன் தம் முனைவர் பட்ட ஆய்வில், செல் சுவரின் சிறு துண்டுகளைப் போன்ற சர்க்கரைகளைப் படிகத்துக்குள் செலுத்தி, அவை அப்பிளவில்தான் அமர்கின்றன எனக் காட்டினார். அங்கே ஆறு சர்க்கரை வளையங்களுக்கு இடம் உண்டு. மாதிரிகளை அடுக்கிப் பார்த்தபோது ஐந்து வளையங்கள் இயல்பாக அமர்ந்தன. நான்காவது மட்டும் தன் இயல்பான நாற்காலி வடிவில் உள்ளே செல்லவில்லை. வளையம் சற்றுத் தட்டையானால்தான் இடம் இருந்தது. பிணைப்பு அறுபடுவது அதே வளையத்தின் ஓரத்தில். ஹால்டேன் 35 ஆண்டுகளுக்கு முன் சொன்ன முறுக்கம் இதுதான். உருக்குலைந்த அவ்வளையத்தைப் படிகத்திலேயே 1991இல் ஸ்டிரினாட்கா, ஜேம்ஸ் இருவரும் கண்டனர். பிலிப்ஸ் வரைந்த வினைவழியின் ஒரு பகுதி 2001இல் வித்தர்ஸ் குழுவினரின் ஆய்வால் திருத்தப்பட்டது. இடையில் நொதிக்கும் சர்க்கரைக்கும் நேரடிப் பிணைப்பு ஒன்று உருவாகிறது என்பது தெரிந்தது. வளைய முறுக்கம் மட்டும் நிலைத்தது.

கோஷ்லாண்டின் முறை 1978இல் வந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் பென்னட், தாமஸ் ஸ்டைட்ஸ் இருவரும் ஈஸ்ட்டின் ஹெக்சோகைனேஸை, குளுக்கோஸ் இல்லாமலும் அதனுடனும் படிகமாக்கி ஒப்பிட்டனர். நொதி இரண்டு மடல்களும் நடுவே ஒரு பிளவும் கொண்டது. குளுக்கோஸ் உள்ளே வந்ததும் ஒரு மடல் மற்றொன்றை நோக்கி 12 பாகை திரும்பிப் பிளவை மூடியது. உள்ளிருந்த தண்ணீர் பெரும்பாலும் வெளியே தள்ளப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் தண்ணீரைப் பற்றி எழுந்த கேள்விக்கு, அதே நொதியே விடை சொன்னது. இந்த ஸ்டைட்ஸ்தான் பின்னாளில் ரைபோசோம் ஆய்வுக்காக, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுடனும் அடா யோனத்துடனும் 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

எல்லா நொதிகளும் இப்படி வாய் மூடுவதில்லை. உணவுப் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின், கைமோடிரிப்சின், எலாஸ்டேஸ் மூன்றும் ஒரே குடும்பம், ஒரே வினைவழி. டிரிப்சினின் குழிக்கு அடியில் எதிர்மின்னூட்டம் உள்ளதால் நேர்மின்னூட்டமுள்ள அமினோ அமிலத்தை அது விரும்புகிறது. கைமோடிரிப்சினின் குழி அகலமானது, எண்ணெய்த்தன்மையுள்ள பெரிய வளையங்களை ஏற்கும். எலாஸ்டேஸின் குழிவாயைப் பெரிய பக்கத்தொகுதிகள் அடைத்துக்கொண்டிருப்பதால் சிறிய அமினோ அமிலங்களே நுழையும். ஃபிஷர் இவற்றைப் பார்த்திருந்தால் தம் உவமையில் ஒரு சொல்லையும் மாற்றியிருக்க மாட்டார்.

மூன்றாவது ஒரு கருத்தும் உண்டு. புரதம் ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை. தளப்பொருள் வருமுன்பே அது பல வடிவங்களுக்கு இடையே ஊசலாடிக்கொண்டிருக்கிறது. தளப்பொருள் அவற்றுள் தனக்கேற்ற வடிவைப் பிடித்து நிலைப்படுத்துகிறது. ஹங்கேரியின் ஸ்ட்ராவ்ப் 1960களிலேயே இதை முன்மொழிந்தார். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறை வளர்ந்தபின் இதற்குச் சான்றுகள் கிடைத்தன. டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் நொதியின் ஒவ்வொரு கட்டத்திலும், அடுத்த கட்டத்துக்குரிய வடிவம் சிறு விகிதத்தில் முன்கூட்டியே தோன்றி மறைவதை 2006இல் பீட்டர் ரைட் குழுவினர் காட்டினர். தளப்பொருள் தூண்டுகிறதா, தேர்கிறதா என்ற விவாதத்தில் பல நொதிகளுக்கு இரண்டும் கலந்த விடையே இன்று ஏற்கப்படுகிறது.

போலிச் சாவிகள்

பாலிங்கின் கருத்து 1970களை ஒட்டி மீண்டும் உயிர்பெற்றது. நிலைமாறு நிலையை நொதி இறுகப் பற்றுமானால், அதைப் போன்ற தோற்றமுள்ள நிலையான சேர்மம் ஒன்றை ஆக்கிக் கொடுத்தால் நொதி அதைப் பிடித்துக்கொண்டு விடாமல் செயலற்றுப் போகும். ரிச்சர்டு உல்ஃபெண்டன் இவ்வகைச் சேர்மங்களை 1969 முதல் தொகுத்து ஆராய்ந்தார். மருந்தாக்கத்துக்கு இது ஒரு வழிகாட்டியாயிற்று. இன்ஃபுளுவென்சா வைரஸ் தான் பெருகிய செல்லிலிருந்து விடுபட நியூராமினிடேஸ் என்னும் நொதியைப் பயன்படுத்துகிறது. அந்நொதி பிளக்கும் சர்க்கரையின் நிலைமாறு வடிவை ஒத்ததாக அமைக்கப்பட்டதே 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஜானமிவிர். பெனிசிலினும் ஒருவகைப் போலிச் சாவிதான் என்று 1965இலேயே டிப்பர், ஸ்ட்ரோமிங்கர் இருவரும் விளக்கியிருந்தனர். பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டும் நொதி அதைத் தன் தளப்பொருள் என நம்பிப் பிடிக்கிறது. பிடித்த பிடி விடுவதில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு சோதனை நடந்தது. நிலைமாறு நிலையைப் பொருத்தமாகப் பிடிப்பதே வினையூக்கம் என்றால், அப்படிப் பிடிக்கும் எந்தப் புரதமும் நொதியாக வேண்டும். 1986இல் ரிச்சர்டு லெர்னர், பீட்டர் ஷுல்ட்ஸ் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே, நிலைமாறு நிலையை ஒத்த சேர்மங்களுக்கு எதிராக எதிர்ப்பொருள்களை உருவாக்கின. அவை உண்மையிலேயே வினைகளை விரைவுபடுத்தின. பெரும்பாலும் ஆயிரம் மடங்கு முதல் பத்து லட்சம் மடங்கு வரை. இயற்கை நொதிகளின் அளவு வேறு. ஓரோட்டிடின் பாஸ்பேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடை நீக்கும் வினை, நொதி இல்லாமல் பாதியளவு நடந்து முடிய 7.8 கோடி ஆண்டுகள் ஆகும் என்று ராட்ஸிக்கா, உல்ஃபெண்டன் இருவரும் 1995இல் கணக்கிட்டனர். உரிய நொதியின் கிளர்வு மையத்தில் அதற்கு ஒரு நொடியின் சிறு பகுதி போதும். எதிர்ப்பொருள்களுக்கும் இயற்கை நொதிகளுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டில் வடிவப் பொருத்தத்தின் பங்கு எவ்வளவு, மின்னூட்டங்களின் அமைவு எவ்வளவு, புரதத்தின் அசைவு எவ்வளவு என்பது நொதியியலாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கும் கணக்கு.